அக்கா காட்டெருமை என்று கூப்பிட்ட மாலை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவின் தோழிகளுக்கும், எங்கள் லயத்து மக்களுக்கும் வணக்கம். அக்கா போய் ஓராண்டு ஆகிறது. 'காலமானார்', 'இயற்கை எய்தினார்' என்று அச்சகத்துக்காரர் இரண்டு மாதிரிகளைக் காட்டினார். இரண்டும் வேண்டாம், அக்கா கொல்லப்பட்டார், அப்படியே போடுங்கள் என்றேன். "மலர்ல அப்படிப் போடற பழக்கம் இல்லீங்களே அம்மணி" என்று தயங்கினார். பழக்கத்தில் இல்லாதது எங்கள் வீட்டில் நடந்துவிட்டது, போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் தங்கை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கேத்தியில் வாழ்க்கைப்பட்டு, குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "பாப்பா, கொஞ்சம் அடக்கி வாசிடி" என்று சொல்ல அக்கா இருந்தார். இப்போது அப்படிச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது குன்னூருக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கும் எங்கள் லயத்தில். அப்பாவும் அம்மாவும் சிறு வயதில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். லயம் என்றால் ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகக் கட்டிய வீடுகள். முதல் வீட்டில் ஒருவர் தும்மினால் நான்காம் வீட்டிலிருந்து 'நூறு' என்று குரல் வரும். எங்கள் வீட்டுச் சண்டை, பக்கத்து வீட்டுக் குழம்பு, எதிர்வரிசைக் கல்யாணப் பேச்சு எல்லாம் எல்லோருக்கும் தெரியும். கேட்கவில்லை என்று எங்கள் லயத்தில் யாரும் சொல்ல முடியாது.

அக்காவை ஆண் பிள்ளை என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவர் அக்காதான். தலை பின்னிவிட்டது அவர், பள்ளிக்கூடத்தில் என்னை அடித்த பையனைத் துரத்தியது அவர், நான் பெரியவளானபோது பயந்து அழுத என்னிடம் விவரம் சொன்னதும் அவர்தான். அது எப்படி அவருக்குத் தெரிந்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. அப்பா மட்டும் யோசித்தார். யோசித்து யோசித்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் அடித்தார். ஒரு நாள் அக்கா கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறிவிட்டார். அப்பாவின் கோபத்துக்கு லயமே சாட்சி. யாரும் வந்து தடுத்ததாக எனக்கு நினைவில்லை.

கோவையில் அக்கா பட்டதை முழுதாகச் சொன்னதில்லை. கடை கடையாகக் கை நீட்டினார், பிறகு கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகும் தோழிகளோடு சேர்ந்தார். அவ்வளவுதான் சொல்வார். கேட்டால், "அதையெல்லாம் கேட்டு என்ன சினிமாவா எடுக்கப் போற?" என்று பேச்சை மாற்றிவிடுவார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்தபோது, யாரும் கூப்பிடாமலே சேலையோடு மலையேறி வந்தார். அப்பாவைத் தூக்கி, குளிப்பாட்டி, முகம் மழித்து, கஞ்சி ஊட்டினார். அப்பா கடைசி மூச்சு வரை அக்காவை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. ஆனால் அம்மாவோ நானோ ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டார். அக்கா ஊட்டினால்தான் சாப்பிடுவார்.

அப்பா போன பிறகும் அக்கா அம்மாவுடனேயே இருந்துவிட்டார். தேயிலைக்கு நடுவில் பிறந்துவிட்டுக் காப்பிதான் குடிப்பார். கணக்கப்பிள்ளை எப்படி இருமுவார், தோட்டத்து டாக்டரம்மா எப்படி நாக்கை நீட்டச் சொல்வார் என்று நடித்துக் காட்டினால் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கோபமும் அதே அளவுக்கு வரும். என் மாமியார் ஒரு முறை விசேஷத்துக்கு என்னை மட்டும் அழைத்துவிட்டு, "அதுவும் வருமா?" என்று கேட்டார். அக்கா நேரில் போய், "அத்தை, அது வரலைங்க, நான் வந்திருக்கேன்" என்று சொல்லிப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

வேலை கேத்தியில், கேரட் கழுவும் இடத்தில். ஐஸ் போன்ற தண்ணீரில் நாள் முழுக்க நின்று, மிஷினிலிருந்து விழும் கேரட்டைத் தரம் பிரித்து மூட்டை கட்ட வேண்டும். கோவையிலிருந்து தன்னை நம்பி வந்த ஷாலு என்ற பெண்ணையும் அங்கேயே வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஷாலுவும் அக்காவைப் போன்றவள்தான். அவர்கள் முறையில் அக்காவுக்கு மகள். அதனால் எனக்கும் மகள் முறை, என்னைச் சித்தி என்பாள். இந்த மலரின் முன்பக்கத்தில் 'மகள்' என்று அச்சிட்டிருப்பது அவளைத்தான். யாரென்று கேட்டுச் சிலர் தொலைபேசியில் அழைத்தார்கள், அவர்களுக்காக இந்த விளக்கம்.

இனி எழுதப் போவது எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் லயத்துக்கு இரண்டு வழி. ஒன்று முக்கு ரோடு. இன்னொன்று தேயிலைக்குள் ஏறும் குறுக்குப்பாதை. குறுக்குப்பாதையில் பொழுது சாய்ந்தால் காட்டெருமை நிற்கும், அதனால் தனியாக யாரும் வர மாட்டார்கள். அக்கா தனியாக அந்த வழியில்தான் வருவார். முக்கில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் காரணம். அவர்கள் பெயரை இந்த மலரில் அச்சிட்டு அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்க எனக்கு மனம் இல்லை. உங்களுக்குத் தெரியும், போதும். முதலில் கேலி பேசினார்கள், பிறகு சேலையைப் பிடித்து இழுத்தார்கள், பிறகு பிக்கப் வண்டியைப் பின்னாலேயே ஊர்ந்து வர விட்டார்கள். "காட்டெரும பரவால்ல பாப்பா, நாம ஒதுங்கி நின்னா அதும்பாட்டுக்குப் போயிரும்" என்று அக்கா என்னிடம் சொல்வார்.

ஒரு நாள் அந்த இரண்டு பேரும் குறுக்குப்பாதையிலும் ஏறி வந்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, அவர் என் வீட்டில் இருந்த சமயம் அது. அக்கா லயம் வரை ஓடி வந்து, "அய்யோ, யாராச்சும் வாங்களேன்" என்று கத்திக்கொண்டே கதவு கதவாகத் தட்டியிருக்கிறார். விளக்கெரிந்த வீடுகளில் விளக்கு அணைந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. பிள்ளை மடுவம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் குழந்தைகள் காப்பகத்துக்குப் பின்னால், விறகுக்கும் சுவருக்கும் இடையில் ஒளிந்து அக்கா தப்பித்தார். மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் எல்லாப் பெண்களும் குடத்தோடு நின்றபோது, அக்கா சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்:

"ஏனுங்க, ஒரு மனுசி கத்துனா ஒருத்தரும் எந்திரிக்க மாட்டீங்க. அடுத்த தடவ காட்டெரும வந்துருச்சுன்னு கத்தறேன். அப்பவாச்சும் வெளிய வருவீங்கல்ல?"

எல்லோரும் சிரித்தார்களாம். இரண்டாம் வீட்டுத் தங்கம்மா அத்தை, "ஆமாமா, இங்க காட்டெருமைக்கு இருக்கற மரியாத நமக்கெங்க இருக்கு" என்றாராம். அக்கா இதை அன்று மாலையே எனக்குத் தொலைபேசியில் ஒவ்வொருவர் குரலிலும் நடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போலீசில் சொல்லலாம் என்றேன். "சொல்லிட்டு மறுபடி அதே வழியாத்தானடி நடக்கணும்" என்றார். புகார் கொடுக்காமலே விட்டுவிட்டார்.

சென்ற ஐப்பசியில், மழை விட்டுப் பனி இறங்கிய ஒரு மாலை. குழாயடிப் பேச்சுக்குப் பிறகு, கேத்தியில் தங்கியிருந்த ஷாலு மாலையில் அக்காவோடு துணைக்கு வந்து லயத்தில் தங்கிப் போவாள். அன்று அவளுக்குக் காய்ச்சல், கேத்தியிலேயே படுத்திருந்தாள். அக்கா மட்டும் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். கீழே தேயிலைக்குள்ளிருந்து, "காட்டெரும! காட்டெரும!" என்று குரல் கேட்டது.

காட்டெருமை என்று குரல் கேட்டால் எங்கள் லயத்தில் என்ன செய்வார்கள் என்பது வெளியூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளை உள்ளே இழுப்பார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்து தட்டு, தகரம், வாளி எதுவானாலும் எடுத்துத் தட்டுவார்கள். டார்ச் அடிப்பார்கள், ஓவென்று கத்துவார்கள். கீழே மட்டும் இறங்க மாட்டார்கள். மிரண்ட காட்டெருமை முட்டினால் ஆள் பிழைப்பதில்லை, அதனால் இறங்கக் கூடாது என்பது இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கீழே இருப்பவரும் அசையாமல் ஒதுங்கி நிற்பார், மாடு போன பிறகு மேலே வருவார்.

அக்கா சொன்னபடியே கூப்பிட்டார். லயமே வெளியே வந்தது. எல்லோரும் தட்டினார்கள்.

அம்மாவும் தட்டினார். குரல் அக்காவுடையது என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து, சோற்றுத் தட்டை மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார். "என் புள்ள கீழ நிக்குது, நல்லாத் தட்டுங்க, நல்லாத் தட்டுங்க" என்று பக்கத்து வீடுகளையும் கெஞ்சினார். அந்தச் சத்தத்தில் கீழேயிருந்து அதற்குப் பிறகு வந்த எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. குரல் நின்றதும் மாடு போய்விட்டது என்று எல்லோரும் உள்ளே போனார்கள். அம்மா சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் ஆகியும் ஆள் வராததால் நான்கைந்து பேர் டார்ச்சோடு இறங்கினார்கள். தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய கானில் அக்கா கிடந்தார்.

காட்டெருமை முட்டிவிட்டது என்று எல்லோருமே சொன்னார்கள். அம்மாவும் அப்படித்தான் நம்பினார், நானும் நம்பினேன். வனத்துறையில் எழுதிக் கொடுத்தால் ஏதாவது கிடைக்கும் என்று யோசனைகூடச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் உடலைப் பரிசோதித்த டாக்டரம்மாதான் என்னைத் தனியாக அழைத்து, "இது கொம்பு பட்ட காயம் இல்லம்மா. கல்லால அடிச்சிருக்காங்க. கழுத்துல கை பதிஞ்சிருக்கு" என்றார். அந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தபோதுதான் குழாயடியில் அக்கா சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது.

அக்காவை லயத்துக்குக் கொண்டுவந்தபோது இன்னொரு பேச்சு கிளம்பியது. வேட்டி சாத்துவதா சேலை சாத்துவதா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அம்மா எழுந்து, "உசிரோட இருக்கையில வேட்டி கட்டலன்னுதான் அவ ஒடம்புல அடி வாங்குனா. இனியும் அதையே கட்டிவிடணுமா? எம்மகளுக்குச் சேல எடுத்துட்டு வாங்க" என்றார். நான் பச்சை நிறத்தில் எடுத்து வந்தேன். கோவையிலிருந்து வந்த தோழிகள் கட்டிவிட்டார்கள், பூ வைத்துவிட்டார்கள். எங்கள் லயத்துப் பெண்களும் பிறகு ஒவ்வொருவராக வந்து மஞ்சள் பூசினார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

டாக்டரம்மா எழுதியதையும் நான் சொன்னதையும் வைத்து அந்த இரண்டு பேரும் கைதானார்கள், ஜாமீனில் வந்தார்கள், மறுபடியும் முக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஷாலு இப்போது அம்மாவோடு இருக்கிறாள். குறுக்குப்பாதை வேண்டாம் என்று முக்கு வழியாகவே வேலைக்குப் போய் வருகிறாள். "முந்தியாச்சும் கேலி பேசுவாங்க சித்தி. இப்ப ஒண்ணும் பேசறதில்ல, நான் கடந்து போற வரைக்கும் பாத்துட்டே இருக்காங்க. அதவிட இதுதான் பெரும் பயமா இருக்கு" என்கிறாள். வேலையை விட்டுவிடு என்றேன். "விட்டுட்டு எந்த ஊருக்குப் போறது? எல்லா ஊர்லயும் ஒரு முக்கு இருக்குதுல்ல" என்றாள். அவள் வீடு வந்து சேரும்வரை அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இந்த மலரைத் தயார் செய்தபோது ஷாலு ஒன்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்து இதே மாதிரி போனவர்கள் மூன்று பேர். ஒருத்தியின் வீட்டார் உடலை வாங்கவே வரவில்லையாம். மற்ற இருவரின் வீட்டாரும் அஞ்சலிப் பத்திரிகையில் ஆண் பெயரைப் போட்டு எரித்தார்களாம். "எங்கம்மா பேரோட அவங்க பேரும் எங்கயாச்சும் அச்சுல வரட்டுமே சித்தி" என்றாள். மல்லிகா, பவி, சங்கரி. அக்காவுக்கு ஏற்றும் விளக்கில் அந்த மூன்று பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் வழக்கு விசாரணைக்கு வருகிறது. அவர்கள் தரப்பில் சொல்லப் போவது இதுதான்: 'இறந்தவரே காட்டெருமை என்று கத்தினார். லயமே கேட்டது, லயமே தட்டியது. காட்டெருமைக்குப் பயந்து ஓடிக் கானில் விழுந்து கல்லில் மோதினார். இந்த இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லை.' டாக்டரம்மா சொல்வார். ஆனால் அக்கா ஏன் அப்படிக் கத்தினார் என்பதைச் சொல்ல அவரால் முடியாது. குழாயடியில் நின்றவர்களால்தான் முடியும். அம்மா அன்று என் வீட்டில் இருந்தார். என்னிடம் அக்கா சொன்னதைத் தங்கைப் பாசத்தில் இட்டுக்கட்டியது என்பார்கள். எங்கள் வக்கீல், "நேரில் கேட்டவங்க ஒருத்தராவது வேணும்மா" என்று சொல்லிவிட்டார்.

வீடு வீடாகப் போனேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தேநீர் கொடுத்தார்கள். "நமக்கெதுக்குங்க கோர்ட்டு" என்றார்கள். "எனக்கு ஞாபகமில்ல கண்ணு" என்றார்கள். ஞாபகம் இருக்கிறது. எனக்குப் புரிகிறது. குழாயடியில் அக்கா சொன்னதைச் சொன்னால், ஏன் சொன்னார் என்று நீதிமன்றம் கேட்கும். அதற்கு முந்தைய நாள் கதவைத் திறக்காததையும் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டு பேரைவிட உங்களுக்கு அதுதான் பெரிய பயம். உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் மனதில் இருக்கிறது, பொய் எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. அதோடுதான் உங்கள் காலையும் பிடிக்கிறேன். ஷாலு தினமும் அந்த வழியாக நடக்கிறாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்ன டாக்டரம்மாவுக்கு, மறுபடி மலையேறி வந்து விசாரித்த பெண் இன்ஸ்பெக்டருக்கு, சமையல் வேலையைப் போட்டுவிட்டு வந்து பதினாறு நாளும் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்த கோவைத் தோழிகளுக்கு, அக்காவின் இடத்தில் அன்று யாரையும் நிறுத்தாமல் மிஷினை அணைத்து வைத்த கேரட் மண்டி முதலாளிக்கு, கடைசியில் சத்தமில்லாமல் வந்து பந்தலில் ஓரமாக அழுதுவிட்டுப் போன என் மாமியாருக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இத்தோடு கட்டுரையை முடித்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் கடை திறந்ததும் தங்கம்மா அத்தை வந்தார். முதல் பேருந்தில் வந்திருப்பார் போல. ரவிக்கை அளவு கொடுக்க வந்திருக்கிறார் என்று டேப்பை எடுத்தேன். அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உங்கக்கா மொதல்ல தட்டுனது எங்கூட்டுக் கதவத்தான் கண்ணு. 'தங்கம்மா அத்த, தங்கம்மா அத்த'ன்னு பேர் சொல்லித்தான் கூப்ட்டா. நான் உள்ளதான் இருந்தேன். எந்திரிச்சுப் போயித் தாப்பாளப் போட்டேன். தாப்பாள் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். மறுநாள் குழாயடியில என்னயப் பாத்துத்தான் சிரிச்சுட்டே அப்படிச் சொன்னா. நானும் கூடச் சேந்து சிரிச்சேன்."

கையிலிருந்த டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்தேன்.

"நான் கோர்ட்டுக்கு வர்றேன். தாப்பாப் போட்டதயும் சேத்தே சொல்றேன். எம்பையன் வேண்டாங்கறான், வீட்டுக்காரரு மொறைக்கறாரு. நாளைக்கு எனக்கே மனசு மாறிப்போயிரும், என்னய எனக்குத் தெரியும். அதனால நீ ஒண்ணு பண்ணு கண்ணு. அந்தப் புஸ்தகத்துல எம்பேரப் போட்டுரு. தங்கம்மா சாட்சி சொல்ல வர்றான்னு போட்டுரு. அச்சுல வந்து அத்தன வீட்டுக்கும் போயிருச்சுன்னா, அப்பறம் நான் எங்க போயி ஒளியறது?"

அச்சகத்துக்கு ஓடினேன். போட்டுவிட்டேன், அத்தை.

இரண்டாம் வீட்டுத் தங்கம்மா சாட்சி சொல்ல வருகிறார்.